ஸ்னோல ஓட எந்த ஷூ? திருத்துறைப்பூண்டி தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 24 வயசு, திருத்துறைப்பூண்டி பக்கத்துல கிராமம், அப்பா விவசாயம், சொந்தமா டிராக்டர் இருக்கு. வாரத்துக்கு நாலு நாள் முள்ளியாத்துக் கரையில 8 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் ஓடுறேன். ஜனவரி முதல் வாரம் மாஸ்டர்ஸ் படிக்க கனடா, ஒட்டாவாவுக்கு கெளம்புறேன். ஓட்டத்த விட மனசு இல்ல. திருச்சில ஒரு கடையில 9,000 ரூவா டிரெக்கிங் ஷூவ காட்டி ஸ்னோவுக்கு இதான்னாங்க. அங்க இருக்குற மாமா, தண்ணி புகாத கோர்டெக்ஸ் துணி வச்ச ஷூ தவிர எதையும் வாங்காதேங்குறாரு. ரெண்டு தடவ செலவு பண்ண அப்பாவால முடியாது. எத வாங்கட்டும்? ஆறு மாசம் முன்னாடி வலது கணுக்கால் பெரண்டு போச்சு, இப்ப வலி இல்ல, அதயும் சொல்லிடுறேன்.

பதில்: தம்பி, மொதல்ல அந்த 9,000 ரூவா ஷூவ வாங்காதீங்க, அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. நான் கும்பகோணத்துல பிசியோதெரபி பாக்குறதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் ஒட்டாவாலதான் இருந்தேன், அங்க ஒரு கிளினிக்ல வேலை, காலைல ஓட்டம், அதனால நீங்க எழுதுன ஒவ்வொரு வரியும் எனக்கு நல்லா புரியுது. மாமா சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன் ஆனா அவரு பதில் சொல்றது கால் நனையாம இருக்கணும்ங்குற கேள்விக்கு, நீங்க கேக்க வேண்டிய கேள்வி கால் வழுக்காம இருக்கணும்ங்குறது, இது ரெண்டும் வேற வேற.

எனக்கு இது எப்படி தெரியும்னா நானே விழுந்துதான். ஒட்டாவா போன புதுசுல, மொத குளிர்காலம், கடைக்காரர் பேச்ச நம்பி வாட்டர்ப்ரூஃப் டிரெயில் ஷூ, அதாவது மண்பாதைல ஓடுற ஷூ ஒண்ணு வாங்கினேன், அடியில நல்ல பல்லு பல்லா இருந்துச்சு, ஒரு மாசம் பிரமாதமா ஓடுனேன். பிப்ரவரில ஒருநாள் வெயில் அடிச்சு ரோட்டோரத்து ஸ்னோ எல்லாம் உருகி ஓடுச்சு, மறுநாள் விடியக்காலைல அதே தண்ணி உறைஞ்சு கண்ணாடி மாதிரி கெடக்கு, கண்ணுக்கு வெறும் தார் ரோடு நனைஞ்ச மாதிரிதான் தெரியுது, கால வச்சேன், அடுத்த நொடி கீழ கெடந்தேன், இடது மணிக்கட்டு எலும்பு விட்டுப் போச்சு. ஆறு வாரம் கட்டு. அதுக்கு பேரு பிளாக் ஐஸ். நம்ம படித்துறைல கடைசி படி பாசி புடிச்சு கெடக்கும் பாருங்க, பாத்தா சாதாரண கல்லு மாதிரியே இருக்கும், கால வச்சாதான் தெரியும், அதே கததான், ஆனா அங்க விழுந்தா தண்ணில விழுவோம், இங்க கல்லுல விழணும்.

அதனால ஷூவப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி காலுக்கு கீழ என்ன இருக்குன்னு பேசிடுறேன். நம்ம ஊர்ல பனின்னா மார்கழில புல்லு மேல நிக்குமே அது ஒண்ணுதான், அங்க குறைஞ்சது மூணு விதம் உண்டு. புதுசா விழுந்த ஸ்னோ, மாவு மாதிரி பொலபொலன்னு இருக்கும், கால் புதையும் ஆனா அவ்வளவா வழுக்காது. அப்புறம் ஜனங்க நடந்து நடந்து, ஸ்னோ தள்ளுற வண்டி ஓடி ஓடி இறுகிப் போன ஸ்னோ, சிமெண்ட் தரை மாதிரி, குளிர் நல்லா இருந்தா இதுல ஓடுறது சுகமா இருக்கும். மூணாவது ஐஸ். மொத ரெண்டுக்கும் ரப்பர் போதும், மூணாவதுக்கு ரப்பர மட்டும் நம்பி ஓட முடியாது, இரும்பு முனை குத்தி நிக்கணும்.

இத உங்க அப்பா ஒரு நிமிஷத்துல புரிஞ்சுக்குவாரு. சேடை ஓட்டும்போது டிராக்டர் டயர் சேத்துல சும்மா சுத்தும், வண்டி நகராது, அதுக்குதான் கேஜ் வீல் மாட்டுறோம், இரும்புப் பட்டை சேத்த வெட்டிப் புடிக்கும். டயர்ல எவ்வளவு பட்டன் இருந்தாலும் சேடை வயல்ல அது கேஜ் வீல் ஆகாது. அதே கேஜ் வீலோட தார் ரோட்டுல ஏறுனா ரோடும் போச்சு, வண்டியும் ஆடும், அபராதமும் போடுவாங்க. ஷூவுல ஆணி வைக்கிறதும் அச்சு அசல் இதேதான். ஐஸ்ல ராஜா, காஞ்ச தார்லயும் டைல்ஸ்லயும் ஆபத்து. யுனிவர்சிட்டி கட்டடத்துக்குள்ள, பஸ்ஸுக்குள்ள, மால்ல அதோட நடந்தா பளபளக்குற தரைல இரும்பு சர்ருன்னு வழுக்கும், நான் ரெண்டு பேருக்கு அப்படி முட்டி வீங்கி வந்து பாத்திருக்கேன்.

ஐஸ் ஏன் வழுக்குதுன்னு கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா இது தெரிஞ்சா எந்த நாள் ஓடலாம் எந்த நாள் கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். நம்ம எடை அழுத்தி ஐஸ் உருகுது, அதான் வழுக்குதுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம், அந்த விளக்கம் பத்தாது, ஒரு மனுஷன் எடைக்கு அவ்வளவு உருகாது. ஐஸோட மேல்பரப்புல இருக்குற துகள்கள் உள்ள இருக்குறது மாதிரி கெட்டியா கட்டுண்டு இருக்காது, தளர்ந்து பாதி தண்ணி மாதிரி நடந்துக்கும், கூடவே கால் உரசுற சூடும் சேரும். மைக்கேல் ஃபாரடேங்குற விஞ்ஞானி 1850லயே ரெண்டு ஐஸ் கட்டிய சேத்து வச்சா ஒட்டிக்குதே, அப்ப மேல ஒரு தண்ணிப் படலம் இருக்கணும்னு சொன்னாரு, சர்பத் கடை ஐஸ் பெட்டில கட்டியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்குறத நம்மளும் பாத்திருக்கோம்ல. இப்ப விஷயம் என்னன்னா அந்தப் படலம் பூஜ்யம் டிகிரி கிட்ட வர வர தடிக்கும், குளிர் ஏற ஏற மெலியும். அதனால மைனஸ் 20ல ஐஸ் மேல ரப்பர் ஓரளவு புடிக்கும், மைனஸ் 1லயும் பூஜ்யத்துலயும் மேல தண்ணி நிக்குற ஐஸ்தான் எமன். நம்ம ஊர்லேருந்து போற பிள்ளைங்க எல்லாம் தலைகீழா நெனைக்கிறாங்க, மைனஸ் 20ன்னு போன்ல பாத்தா பயந்து வீட்டுல உக்காந்துடுறாங்க, மைனஸ் 1ன்னு பாத்தா ஆஹா இன்னைக்கு நல்லா இருக்கேன்னு கெளம்பிடுறாங்க. என் கிளினிக்குக்கு மணிக்கட்டு ஒடஞ்சு வந்தவங்கள்ல நெறைய பேரு அந்த மாதிரி நல்ல நாள்ல விழுந்தவங்கதான்.

டொரண்டோல ஒரு ஆராய்ச்சிக் கூடம் இருக்கு, நிஜ ஐஸ் தரை, அத சாய்க்கலாம், விழாம இருக்க ஆளுக்கு வாரு கட்டி நடக்க விடுவாங்க, எந்த சாய்வுல வழுக்குதுன்னு பாத்து குளிர்கால பூட்ஸுக்கு ஸ்னோஃப்ளேக் மார்க் குடுப்பாங்க. மார்க் வாங்க 7 டிகிரி சாய்வுல நிக்கணும், அது பிளாட்பாரத்துலேருந்து ரோட்டுக்கு எறங்குற சரிவு அளவுதான், பெருசா ஒண்ணும் இல்ல. 2016ல மொத தடவ ரிசல்ட் விட்டப்ப 98 பூட்ஸ்ல பத்துக்கும் கம்மியாதான் பாஸ் பண்ணுச்சு. அது நடக்குற பூட்ஸ், ஓடுற ஷூ இல்ல, ஆனா அந்த ஊர்லயே குளிர்காலத்துக்குன்னு விக்கிற பூட்ஸுக்கே அந்த கதின்னா, திருச்சில காட்டுன டிரெக்கிங் ஷூவ யோசிச்சுப் பாருங்க. அந்த மாதிரி ஷூவுல ரப்பர் தேயாம இருக்கணும்னு கெட்டியா வார்ப்பாங்க, பாறைக்கும் மலைப்பாதைக்கும் சரி, குளிர்ல இன்னும் கல்லாயிடும், எடையும் ஜாஸ்தி, அதப் போட்டு 8 கிலோமீட்டர் ஓடுனா உங்க முழங்காலுக்கு கீழ முன்னெலும்பு பக்கம் வலி வரலாம்.

சரி, எத வாங்குறது. இப்ப ஓடிட்டிருக்குற ஷூ இன்னும் தேயாம இருந்தா அதையே எடுத்துட்டுப் போங்க. அங்க போய் ஒரு டிரெயில் ரன்னிங் ஷூ ஒண்ணே ஒண்ணு வாங்குங்க, அடிப் பல்லு 4லேருந்து 5 மில்லிமீட்டர் ஆழம், பல்லுக்கு பல்லு நல்ல இடைவெளி இருக்கணும், நெருக்கமா இருந்தா நடுவுல ஸ்னோ அடைச்சுக்கிட்டு அடி வழவழன்னு ஆயிடும், சேத்துல நடந்த செருப்பு மாதிரி. ரப்பர நகத்தால அழுத்திப் பாருங்க, கொஞ்சம் உள்ள வாங்கணும். கடையில சூட்டுல எல்லா ரப்பரும் மெத்துனுதான் இருக்கும், அதுலயும் மெத்துனு இருக்குறதா பாத்து எடுங்க. இதுவே மொத ரெண்டு வகை ஸ்னோவுக்கு போதும்.

ஐஸுக்கு, அந்த ஷூ மேல ரப்பர் வளையமா மாட்டுற ஆணிப்பட்டை தனியா கெடைக்கும். இதுல பல வகை, பேரு மாத்தி வாங்கிடாதீங்க. கம்பிச்சுருள் சுத்துன யாக்டிராக்ஸ் மாதிரி வகை நடக்குறதுக்கு, இறுகுன ஸ்னோவுக்கு ஓகே, ஓடுனா நகரும். சங்கிலில ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு முள்ளு தொங்குற மைக்ரோஸ்பைக்ஸ் மலை ஏறுறவங்களுக்கு, ரோட்டுல அதப் போட்டு ஓடுனா ஆணி மேல நிக்கிற மாதிரி இருக்கும். உங்களுக்கு வேண்டியது டங்ஸ்டன் கார்பைடுங்குற ரொம்ப கெட்டியான பொருள்ல சின்ன முனை வச்ச வகை, காஹ்டூலா கம்பெனி நானோஸ்பைக்ஸ்னு ஒண்ணு போடுது, ரோட்டு ஓட்டத்துக்குன்னே செஞ்சது. நான் மணிக்கட்டு ஆறுனதுக்கு அப்புறம் மூணு குளிர்காலம் அந்த மாதிரி ஒண்ணுலதான் ஓடுனேன், ஒரு தடவ கூட விழல. காலைல ஜன்னல்ல பாத்து ஐஸ்னா மாட்டிக்குவேன், பாதி வழில ரோடு காஞ்சு இருந்தா கழட்டி கையில புடிச்சிட்டு ஓடுவேன். டங்ஸ்டன் கார்பைடுன்னு பாத்து வாங்குறது முக்கியம், சாதா எஃகு முனை தார் ரோட்டுல சீக்கிரம் மழுங்கிடும்.

ஆணி பதிச்சே வர்ற ஷூவும் இருக்கு, ஸ்வீடன்ல ஐஸ்பக்னு ஒரு கம்பெனி, சாலமன்லயும் ஸ்பைக்கிராஸ்னு வந்துச்சு. ரொம்ப நல்ல சாமான், ஆனா உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஒட்டாவால ஒரே ஓட்டத்துல ஒரு தெரு ஐஸ், அடுத்த தெரு உப்பு போட்டு காஞ்ச தார், அதுக்கு அடுத்தது ஸ்னோன்னு மாறி மாறி வரும், கழட்ட முடியாத ஆணி அங்க தொல்லை. குளிர்காலம் பூரா காட்டுப்பாதைல ஐஸ்லயே ஓடுறவங்களுக்குத்தான் அது.

காசு ரொம்ப இடிச்சா இன்னொரு வழி இருக்கு, அங்க ஓடுறவங்க பல வருஷமா செய்யுறது. நீங்க எடுத்துட்டுப் போற பழைய ஷூவுல அடியில ஸ்க்ரூ அடிக்கிறது. ஹார்டுவேர் கடையில தகரத்துல அடிக்கிற ஆறுமூலைத் தலை ஸ்க்ரூ, எட்டாம் நம்பர், 3/8 இஞ்ச் நீளம், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. ஒரு ஷூவுக்கு 12லேருந்து 15, ஓரத்துல சுத்தி, குதிகால்ல நாலு. தலை வெளில நீட்டிக்கிட்டு இருக்கும், அந்த ஆறுமூலை விளிம்புதான் ஐஸ்ல கடிக்கும். சோல் தடிமன் எங்க கம்மியோ அங்க அடிக்காதீங்க, முன்பாதம் மெலிசா இருக்குற ஷூல நடுவுல அடிச்சா காலுக்கு ஏறும். உள்ள காத்து அறை வச்ச ஷூ, கார்பன் தகடு வச்ச ஷூ ரெண்டுலயும் அடிக்கவே கூடாது. வீட்டுக்குள்ள அத போட்டுட்டு வந்தா மரத்தரை பாழாயிடும், ரூம்மேட்டு சண்டைக்கு வருவாங்க, வாசல்லயே கழட்டுங்க.

கோர்டெக்ஸ் விஷயத்துக்கு வர்றேன், மாமா கோச்சுக்கக் கூடாது. ஒட்டாவால ஜனவரில பகல்லயே சராசரி மைனஸ் 6 பக்கம், ராத்திரி மைனஸ் 14, 15. அந்தக் குளிர்ல ஸ்னோ காஞ்ச மாவா இருக்கும், கால நனைக்காது, தட்டுனா உதிர்ந்துடும். கோர்டெக்ஸ் நெஜமா வேண்டியது மார்ச்ல, ஸ்னோ உருகி தெருவெல்லாம் கூழா கெடக்கும்போது, ஆனா அப்ப தண்ணி கணுக்கால் மேல வழியா உள்ள வந்துடும், வந்த தண்ணி கோர்டெக்ஸ்ல குடத்துல நின்ன மாதிரி நிக்கும், வெளில போகாது. சாதா மெஷ், அதாவது வலைத்துணி ஷூன்னா நாலு எட்டுல பிதுங்கி வெளில போயிடும். மெஷ்ல காத்து நுழைஞ்சு வெரலு உறையுதுன்னா முன்பக்கம் மட்டும் டக்ட் டேப் ஒட்டிக்கலாம், நானும் ஒட்டுனேன், பாக்க அழகா இருக்காது ஆனா வெரல் சூடா இருக்கும். ஆனா ஒரு விஷயம், காலேஜுக்கு நடந்து போக நல்ல வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ் தனியா வேணும், அதுல மாமா பேச்ச அப்படியே கேளுங்க, பஸ் ஸ்டாப்ல 20 நிமிஷம் நிக்கும்போது ஓடுற சூடு இருக்காது.

சூடு காலுறைலதான் இருக்கு. காட்டன் வேணவே வேணாம், வேர்வைய உறிஞ்சி வச்சுக்கிட்டு ஈரத்துணியா காலோட ஒட்டும். மெரினோ உல்லன் சாக்ஸ் ரெண்டு ஜோடி, நனைஞ்சாலும் சூடு குடுக்கும். அந்த சாக்ஸ மாட்டிக்கிட்டுப் போய் ஷூ போட்டுப் பாருங்க, நம்ம ஊர் அளவுலேருந்து அரை சைஸ் கூட வேண்டி வரலாம், வெரல உள்ள ஆட்ட முடியணும். இறுக்கிக் கட்டுனா ரத்தம் ஓடாது, மெத்துன்னு ரெண்டு சாக்ஸ் போட்டும் கால் மரத்துப் போச்சுன்னு வர்றவங்க பாதிப் பேரு லேஸ இறுக்கிக் கட்டுனவங்கதான். காத்தோட சேத்து கணக்குப் போடுற குளிர் மைனஸ் 28க்கு கீழ போனா வெளில தெரியுற தோலு 10லேருந்து 30 நிமிஷத்துல உறையலாம்னு கனடா வானிலைத் துறை சொல்லுது, அன்னைக்கு காது, மூக்கு, கன்னம் மூடாம வெளில போகாதீங்க.

இன்னொன்னு, ஷூவ வாசல்ல குளிர்ல விடாதீங்க. அடில இருக்குற நுரை, இவிஏம்பாங்க, நம்ம ஊர் வெயில்ல பஞ்சு மாதிரி இருக்கும், மைனஸ் 15ல செங்கல் ஆயிடும், அந்த செங்கல்லுல ஓடுனா முட்டி தாங்காது. ரூம்ல வச்சு போட்டுட்டுப் போனா கால் சூட்டுல கொஞ்ச நேரமாவது மெத்துனு நிக்கும். நனைஞ்சு வந்தா உள்ள பேப்பர் கசக்கி வைங்க, ஹீட்டர் மேல வச்சீங்கன்னா பசை விட்டுடும். ரோட்டு உப்பு வெள்ளையா பூத்திருக்கும், அன்னன்னைக்கு ஈரத்துணியால தொடச்சிடுங்க. அந்த உப்பையும் ரொம்ப நம்பாதீங்க, மைனஸ் 10க்கு கீழ சாதா உப்பு ஐஸ சரியா கரைக்காது, பகல்ல கரைஞ்ச தண்ணி ராத்திரி திரும்பவும் உறையும்.

இப்ப கணுக்கால். இதத்தான் நான் ஷூவ விட பெருசா பாக்குறேன். வலி இல்லங்குறதால சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல தம்பி, பெரண்ட காலுக்கு வலி போன பிறகும் தரை சாயுறத உணர்ற புத்தி கொஞ்ச நாள் மந்தமாவே இருக்கும், ஐஸ்ல அந்த அரை நொடி தாமதம்தான் விழ வைக்கும். இன்னைக்கு ராத்திரி பல்லு வெளக்கும்போது ஒத்தக் கால்ல 30 நொடி நில்லுங்க, இடது, அப்புறம் வலது. வலது ஆடுச்சுன்னா வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம். தெனம் மூணு தடவ, ரெண்டாவது வாரம் கண்ண மூடிக்கிட்டு, பக்கத்துல சொவரு இருக்கட்டும். படில குதிகால் தொங்க நின்னு ஏறி எறங்குறது 15 வீதம் மூணு தடவ. தொடை உள்பக்கத் தசைக்கு, பக்கவாட்டுல படுத்து கீழ்க்கால தூக்குறது, ஏன்னா ஐஸ்ல கால் பக்கவாட்டுல சறுக்கும்போது இழுத்துப் புடிக்கிறது அந்த தசைதான், மொத மாசத்துல எல்லாருக்கும் அங்கதான் வலிக்கும்.

கூடவே உங்க வீட்டுலயே ஒரு நல்ல பயிற்சி இருக்கு, அத விட்டுடாதீங்க. இப்ப கார்த்திகை மழைல வரப்பெல்லாம் நனைஞ்சு வழவழன்னு கெடக்கும், அதுல வெறுங்கால்ல தலைல சாமானோட நடக்குற பொம்பளைங்கள பாருங்க. யாரும் குதிகால முன்னாடி நீட்டி வைக்க மாட்டாங்க, எட்டு சின்னதா இருக்கும், முட்டி லேசா மடிஞ்சிருக்கும், பாதம் முழுசா ஒரே நேரத்துல தரைல படியும், கால் இடுப்புக்கு நேர் கீழ விழும், பின்னால உந்தித் தள்ளவே மாட்டாங்க. ஐஸ்ல ஓடுறவனுக்கு கோச் சொல்லிக் குடுக்குறது வார்த்தைக்கு வார்த்தை இதேதான். என் மணிக்கட்டு சரியானதுக்கு அப்புறம் நான் அங்க ஓட்டத்த மாத்துனது எங்க பாட்டி வரப்புல நடக்குறத நெனைச்சுக்கிட்டுதான். தெனம் காலைல ஓட்டத்துக்கு முன்னாடி வரப்புல பத்து நிமிஷம் நடங்க, செருப்பில்லாம. அங்க போய் எட்ட சுருக்கி, வேகத்த மறந்து, தூரத்துக்கு பதிலா நேரத்த வச்சு ஓடுங்க. திருப்பத்துலயும் பிளாட்பாரம் எறங்குற சரிவுலயும் நடந்துடுங்க. விழ நேர்ந்தா கைய ஊனாதீங்க, சொல்றது லேசு, ஆனா பக்கவாட்டுல சாஞ்சு தொடைல, பிட்டத்துல விழுறவங்க எலும்பு ஒடையாம எழுந்திருக்காங்க, கைய நீட்டுனவங்க எங்கிட்ட வந்திருக்காங்க.

மழை பெஞ்சு அது தரைல பட்ட உடனே உறையுற நாள் ஒண்ணு அங்க வரும், ஃப்ரீசிங் ரெயின்னு போன்ல எச்சரிக்கை வரும். அன்னைக்கு ஆணியும் வேணாம் ஷூவும் வேணாம், ஜிம்ல டிரெட்மில்ல ஓடுங்க, இல்ல தூங்குங்க.

நடக்குற பூட்ஸ் போக, ஓட்டத்துக்கு மொத்த செலவு அங்க ஒரு ஷூ, ஒரு ஆணிப்பட்டை, ரெண்டு சாக்ஸ். போன உடனே ஓடுற ஷூவ வாங்காதீங்க, பனிக்காலம் பாதியாச்சுன்னா, பிப்ரவரி பக்கம், கடைங்க தள்ளுபடி போட ஆரம்பிக்கும், அதுவரைக்கும் பழைய ஷூவுக்கு ஆணிப்பட்டை மட்டும் வாங்கி மாட்டிக்கிட்டே ஓடலாம், அந்தப் பட்டைய மட்டும் தள்ளிப் போடாதீங்க. கெளம்புறதுக்கு முன்னாடி ஒருநாள் கும்பகோணம் வர்றதா இருந்தா அந்த பழைய ஷூவையும் எடுத்துட்டு வாங்க, வலது ஷூ அடியில எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்குன்னு பாத்தா கணுக்கால் எவ்வளவு சரியாயிருக்குன்னு சொல்லிடலாம், ஸ்க்ரூ எங்க அடிக்கணும்னு சாக்பீஸ்ல குறிச்சும் குடுத்துடுறேன்.